பதக்கம் யார் பெயரில்?



எமது நேயர்களில் பலர் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிட்டு, பின்னேரம் டேக்வாண்டோ வகுப்புக்குக் கூட்டிச் செல்பவர்கள். வெள்ளை உடுப்பும் நிறப் பட்டியும் எமது வீடுகளில் பள்ளிச் சீருடை அளவுக்குப் பழகிப்போய்விட்டன. ஆனால் அந்த விளையாட்டின் வரலாறு தமிழில் அதிகம் பேசப்படவில்லை. கடந்த மாத ஒலிபரப்பில் அதைப்பற்றிச் சிறிது கதைத்தேன். நேரம் போதவில்லை. நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்த சில நேயர்கள் முழுவதையும் எழுத்தில் தரும்படி கேட்டார்கள். அதற்காகவே இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு உதைக்கத் தெரியாது, கூட்டிக் கழிக்கத்தான் தெரியும். தொழிலால் கணக்காளன் என்பதால் பதக்கப் பட்டியலையும் பேரேட்டைப் போலவே பார்க்கிறேன். ஒவ்வொரு பதிவிலும் ஓர் ஆளின் பெயரும் ஒரு நாட்டின் பெயரும் இருக்கும். நாட்டின் பெயர்தான் கணக்கின் தலைப்பு. ஆள் அதன்கீழ் வரும் பதிவு. ஆளும் தலைப்பும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடங்களில்தான் கதை இருக்கிறது. பெண்களுக்கான 57 கிலோ எடைப் பிரிவில் அப்படிப்பட்ட பதிவுகள் சில உண்டு. நாட்டை விட்டு வந்த எமக்கு அவை அந்நியமானவை அல்ல.

போட்டி பிறந்த கதை

கொரியா 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. ஜப்பானில் கராத்தே பயின்று திரும்பியவர்களும் உள்நாட்டு உதைக்கலை தெரிந்தவர்களும் விடுதலைக்குப் பின் தனித்தனிப் பயிற்சிக்கூடங்கள் நடத்தினார்கள். அவற்றுக்கு ஒரு பொதுப் பெயராக டேக்வாண்டோ என்ற சொல் 1955இல் வந்தது. அந்தப் பெயரை முன்வைத்தவர் சோய் ஹொங் ஹி என்ற இராணுவத் தளபதி. பிறந்த இடம் இன்றைய வடகொரியாவில் இருக்கிறது. வாழ்ந்ததும் பதவி வகித்ததும் தென்கொரியாவில். அங்குள்ள ஆட்சியோடு முரண்பட்டு 1972இல் கனடாவுக்குப் போனார். 2002இல் பியொங்யாங்கில் இறந்தார். விளையாட்டுக்குப் பெயர் வைத்தவரே நாடு மாறி வாழ்ந்தவர்தான்.

அவர் 1966இல் தொடங்கிய சம்மேளனம் ஒரு பக்கம் போக, சியோலில் வேறொரு அமைப்பு உருவானது. 1972இல் குக்கிவொன் என்ற தலைமைப் பயிற்சி மண்டபம் திறக்கப்பட்டது. 1973 மே மாதத்தில் அங்கே முதலாவது உலக சம்பியன்ஷிப் நடந்தது. அது முடிந்த கையோடு உலக டேக்வாண்டோ சம்மேளனம் நிறுவப்பட்டது. பெண்களுக்கான உலக சம்பியன்ஷிப் 1987இல் பார்சிலோனாவில்தான் தொடங்கியது. 1988 சியோலிலும் 1992 பார்சிலோனாவிலும் டேக்வாண்டோ ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக நடந்தது. 1994 செப்டெம்பரில் பாரிஸில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு அதை முழுமையான ஒலிம்பிக் விளையாட்டாக ஏற்றது. முதல் அரங்கேற்றம் 2000ஆம் ஆண்டு, எமது சிட்னியில்.

சிறிய நாடுகளுக்குத் திறந்த கதவு

ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 4 என்று 8 எடைப் பிரிவுகள். 2000 முதல் 2012 வரை ஒரு நாடு 2 ஆண்களையும் 2 பெண்களையும் மட்டுமே அனுப்பலாம் என்ற விதி இருந்தது. எவ்வளவு பலமான நாடும் பாதிப் பிரிவுகளைக் காலியாக விட்டேயாக வேண்டும். 2008 பெய்ஜிங்கில் தென்கொரியா 4 பேரை அனுப்பி 4 தங்கம் வென்றது. அதற்குமேல் வெல்ல வழியே இருக்கவில்லை. 2008இலிருந்து ஒரு பிரிவுக்கு இரண்டு வெண்கலம் வேறு.

சிட்னி முதல் 2024 பாரிஸ் வரை 7 ஒலிம்பிக்குகளில் டேக்வாண்டோவுக்கு வழங்கப்பட்டவை 208 பதக்கங்கள். அவற்றில் தென்கொரியாவுக்கு 25, அதிலே 14 தங்கம். மிச்சம் உலகம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. வியட்நாமின் முதல் ஒலிம்பிக் பதக்கம் (2000), ஆப்கானிஸ்தானின் முதல் பதக்கம் (2008), காபோனின் முதல் பதக்கம் (2012), ஜோர்தானின் முதல் பதக்கம் (2016) எல்லாம் இந்த விளையாட்டில் வந்தவை. நீச்சல் தடாகமோ குதிரையோ பாய்மரப் படகோ வேண்டாம். ஒரு தளமும் ஒரு ஆசிரியரும் இருந்தால் தொடங்கலாம்.

அகதி முகாமுக்குள்ளும் இது போனதற்குக் காரணம் அதுதான். ஆப்கானிஸ்தானுக்கு அந்த முதல் வெண்கலத்தை வாங்கிக் கொடுத்த ரோஹுல்லா நிக்பாயின் குடும்பம் உள்நாட்டுப் போருக்குத் தப்பி ஈரானுக்கு ஓடிய குடும்பம். அங்கே ஆப்கான் அகதிகளின் டேக்வாண்டோ அணியில் சேர்ந்து விளையாடியவர் அவர். 2004இல் காபூல் திரும்பினார். 2008இல் 58 கிலோ பிரிவில் வெண்கலம், 2012 இலண்டனில் 68 கிலோ பிரிவில் மீண்டும் வெண்கலம். ஆப்கானிஸ்தானின் ஒலிம்பிக் கணக்கில் 2024 வரை இருந்தவை இந்த இரண்டு பதக்கங்கள் மட்டுமே.

ஒரே நாள், இரண்டு பதக்கங்கள்

இனி 57 கிலோவுக்கு வருவோம். 2000 செப்டெம்பர் 28, சிட்னி. தென்கொரியாவின் ஜங் ஜே-உன் தங்கம் வென்றார். வெள்ளி வென்றவர் வியட்நாமின் ட்ரான் ஹியூ ஙான். அந்த நாடு ஒலிம்பிக் பட்டியலில் இடம்பெற்றது அன்றுதான்.

அதே நாள், அதே ஒலிம்பிக் வளாகத்தில், பெண்களுக்கான 200 மீற்றர் இறுதி ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக வந்தார். 1948இல் டங்கன் வைட் வென்ற வெள்ளிக்குப் பிறகு இலங்கைக்குக் கிடைத்த முதல் பதக்கம். அன்றிரவு எமது வீட்டில் ஏழெட்டுப் பேர் தொலைக்காட்சியின் முன்னால் இருந்தோம். ஊரில் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஒருவர் கைதட்டினார். ஒருவர் எழுந்து குசினிக்குத் தேநீர் போடப் போனார். கைதட்டியவரையும் எழுந்து போனவரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதி எப்படிப்பட்டது என்று இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அடுத்த நாள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ஒரு வியட்நாமியர். 1970களின் கடைசியில் படகில் வந்த குடும்பம். ட்ரான் ஹியூ ஙான் வென்றதற்கு அவருக்கு வாழ்த்துச் சொன்னேன். அவர் சிரித்தார். பிள்ளை எங்களுடையவள்தான், மேலே ஏறிய கொடிதான் எங்களுடையது அல்ல என்றார். இங்குள்ள வியட்நாமிய அகதிக் குடும்பங்கள் இன்றும் மஞ்சளில் மூன்று சிவப்புக் கோடுகள் கொண்ட பழைய தென்வியட்நாம் கொடியையே ஏற்றுகின்றன. பதக்கம் பதிவானதோ மஞ்சள் நட்சத்திரம் பதித்த சிவப்புக் கொடியின் பெயரில். அவரும் முதல்நாள் இரவு எங்களைப் போலத்தான் இருந்திருக்கிறார் என்று விளங்கியது.

சுசந்திகாவின் பதக்கக் கணக்கு பிறகு திருத்தப்பட்டது. முதலிடம் வந்த அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2007இல் ஒப்புக்கொண்டார். 2009 டிசெம்பரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாற்றி எழுதப்பட்டது. பதக்கப் பட்டியலில் நிறம் மாறலாம், பெயர் நீக்கப்படலாம். ஆனால் போட்டி நடந்த நாளில் எந்த நாட்டின் பெயரில் நின்றாரோ அந்தத் தலைப்பின்கீழ்தான் பதிவு இருக்கும். பிற்பாடு அவர் எங்கே குடியேறினாலும் அது கூடவே போகாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல்

57 கிலோ பிரிவின் 7 ஒலிம்பிக் முடிவுகளைக் கீழே தருகிறேன். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசை.

2000 சிட்னி: ஜங் ஜே-உன் (தென்கொரியா), ட்ரான் ஹியூ ஙான் (வியட்நாம்), ஹமிதே பிக்சின் (துருக்கி).

2004 ஏதென்ஸ்: சாங் ஜி-வொன் (தென்கொரியா), நியா அப்தல்லா (அமெரிக்கா), இரிடியா சலாசர் (மெக்சிக்கோ).

2008 பெய்ஜிங்: இம் சு-ஜியோங் (தென்கொரியா), அசீசே தன்ரிகுலு (துருக்கி), டயானா லோபெஸ் (அமெரிக்கா), மார்ட்டினா சுப்சிச் (குரோஷியா).

2012 இலண்டன்: ஜேட் ஜோன்ஸ் (பிரித்தானியா), ஹோ யூசுவோ (சீனா), மார்லேன் ஆர்னுவா (பிரான்ஸ்), செங் லி-செங் (சீனத் தைப்பே).

2016 ரியோ: ஜேட் ஜோன்ஸ் (பிரித்தானியா), எவா கால்வோ (ஸ்பெயின்), கிமியா அலிசாதே (ஈரான்), ஹெதாயா மலாக் (எகிப்து).

2020 டோக்கியோ (2021இல் நடந்தது): அனஸ்தாசியா சொலொட்டிக் (அமெரிக்கா), தத்தியானா மினினா (ஆர்.ஓ.சி.), ஹதிஜே குப்ரா இல்குன் (துருக்கி), லோ சியா-லிங் (சீனத் தைப்பே).

2024 பாரிஸ்: கிம் யு-ஜின் (தென்கொரியா), நாஹித் கியானி (ஈரான்), ஸ்கைலர் பார்க் (கனடா), கிமியா அலிசாதே (பல்கேரியா).

மொத்தம் 26 பதக்கங்கள், 16 தலைப்புகள். அந்தத் தலைப்புகளில் இரண்டு உண்மையில் நாட்டுப் பெயர்களே அல்ல. தைவான் தன் பெயரில் போட்டியிட முடியாமல் சீனத் தைப்பே என்ற பெயரில் வருகிறது. ரஷ்யாவுக்கு ஊக்கமருந்து விவகாரத்தில் தடை இருந்ததால் டோக்கியோவில் அதன் வீரர்கள் ஆர்.ஓ.சி. என்ற மூன்று எழுத்தின்கீழ் நின்றார்கள். 2012இல் பிரான்சுக்கு வெண்கலம் வாங்கிய ஆர்னுவா கனடாவில் பிறந்தவர். 2024இல் கனடாவுக்கு வெண்கலம் வாங்கிய ஸ்கைலர் பார்க்கின் பயிற்சியாளர் கொரிய வம்சாவளியினரான அவருடைய தந்தை. 26 பெயர்களில் ஒரு பெயர் மட்டும் இரண்டு வெவ்வேறு நாடுகளின்கீழ் இருக்கிறது. கிமியா அலிசாதே.

ரியோவும் டோக்கியோவும்

2016 ஓகஸ்ட் 18. அலிசாதேக்கு வயது 18. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் ஈரானியப் பெண் என்ற பெயர் அன்று அவருக்குக் கிடைத்தது.

அதே நாள், அதே பிரிவில், இன்னோர் ஈரானியப் பெண்ணும் வெண்கலத்துக்காக மோதினார். ரஹேலே ஆசெமானி. 2010 ஆசிய விளையாட்டில் ஈரானுக்கு வெள்ளி வென்றவர். பின்னர் பெல்ஜியத்தில் அடைக்கலம் தேடி, அங்கே தபால் ஊழியராக வேலை செய்துகொண்டு பயிற்சி எடுத்தவர். 2016 ஜனவரியில் ஐரோப்பியத் தகுதிப் போட்டியில் எந்த நாட்டின் பெயரும் இல்லாமல், உலகச் சம்மேளனத்தின் கொடியின்கீழ் விளையாடி ஒலிம்பிக் இடத்தைப் பெற்றார். ஏப்ரலில் பெல்ஜியக் குடியுரிமை கிடைத்தது. ரியோவில் பெல்ஜியத்துக்காக நின்று, வெண்கலப் போட்டியில் எகிப்தின் மலாக்கிடம் தோற்றார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. வெளியேறியவர் வெறுங்கையோடும் உள்ளே நின்றவர் பதக்கத்தோடும் திரும்பிய நாள் அது.

நான்கு ஆண்டுகள் கூட முடியவில்லை. 2020 ஜனவரியில் அலிசாதேயும் ஈரானை விட்டு வெளியேறியதாக அறிவித்தார். தன் வெற்றியை அரசு தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது என்றும், உடுத்தச் சொன்னதை உடுத்தி, சொல்லச் சொன்னதைச் சொல்லி வாழ்ந்தேன் என்றும் எழுதினார். ஜேர்மனியில் அகதி அந்தஸ்துப் பெற்றார். டோக்கியோவுக்கு ஒலிம்பிக் அகதிகள் அணியில் சேர்க்கப்பட்டார். அந்த அணி 2016 ரியோவில் 10 பேருடன் தொடங்கியது. டோக்கியோவில் 29 பேர். அவர்களில் ஒருவர் தங்கம் வென்றாலும் ஏறுவது ஐந்து வளையக் கொடி, இசைப்பது ஒலிம்பிக் கீதம்.

2021 ஜூலை 25. முதல் சுற்றில் அலிசாதேக்கு எதிராக வந்தவர் ஈரானின் நாஹித் கியானி. ஒருகாலத்தில் ஒரே தேசிய அணியில் இருந்த இருவர். ஒருவர் தலையை மூடியிருந்தார், மற்றவர் மூடவில்லை. 18க்கு 9 என்ற கணக்கில் அலிசாதே வென்றார். அடுத்த சுற்றில், இரண்டு தடவை தங்கம் வென்ற ஜேட் ஜோன்ஸை 16க்கு 12 என்று வீழ்த்தினார். காலிறுதியில் சீனாவின் சோ லிஜுனை 9க்கு 8 என்று ஒரே புள்ளியில் வென்றார். அரையிறுதியில் மினினாவிடம் தோல்வி. வெண்கலப் போட்டியில் துருக்கியின் இல்குன் 8க்கு 6 என்று வென்றார். அகதிகள் அணியின் முதல் பதக்கம் இரண்டு புள்ளிகளில் கைநழுவியது. அந்தப் பதக்கம் 2024 பாரிஸில்தான் வந்தது, குத்துச்சண்டையில் சிண்டி ங்காம்பாவின் வெண்கலமாக.

மற்ற முகாம்களிலிருந்து

டோக்கியோ பாராலிம்பிக்கில் பர்ஃபை ஹாகிசிமானா என்ற டேக்வாண்டோ வீரர் அகதிகள் அணியில் நின்றார். புருண்டியில் சிறு வயதில் நடந்த தாக்குதலில் தாயை இழந்து, துப்பாக்கிச் சூட்டில் கையும் பாதிக்கப்பட்டவர். ருவாண்டாவின் மகாமா முகாமில் வாழ்ந்துகொண்டே அங்குள்ள பிள்ளைகளுக்கு டேக்வாண்டோ கற்றுக்கொடுத்தார். ஜோர்தானின் அஸ்ராக் முகாமில் டேக்வாண்டோ படித்த சிரிய அகதி யஹ்யா அல் கோதானி பாரிஸில் அகதிகள் அணியின் கொடியைப் பிடித்தவர்களில் ஒருவர்.

ஆப்கானிஸ்தானின் சகியா குதாதாதி 2021 ஓகஸ்டில் காபூல் தலிபான்களின் கைக்குப் போனபின் வெளியேற்றப்பட்டு, பாரிஸ் வழியாக டோக்கியோ பாராலிம்பிக்கைச் சென்றடைந்தார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் 47 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் அகதிகள் அணிக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் ரியோவில் பிரான்சுக்கு வெள்ளி வென்ற ஹபி நியாரே.

பாரிஸ் மேடை

2024இல் அலிசாதேக்குப் பல்கேரியக் குடியுரிமை கிடைத்தது. ஓகஸ்ட் 8ஆம் திகதி பாரிஸில் பல்கேரியாவின் பெயரில் களமிறங்கினார். மறுபடியும் எதிரே வந்தவர் கியானி. இம்முறை வென்றவர் கியானி.

இங்கே டேக்வாண்டோவின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். முற்சுற்றுகளில் தோற்றவருக்கு, தன்னை வென்றவர் இறுதிப் போட்டி வரை போனால் மட்டும், வெண்கலத்துக்கான மறுவாய்ப்பு உண்டு. கியானி இடையில் தோற்றிருந்தால் அலிசாதேயின் கதை அங்கேயே முடிந்திருக்கும். கியானி அரையிறுதியில் லெபனானின் வீராங்கனையை வென்று இறுதிக்குப் போனார். அதனால் அலிசாதே மீண்டும் களத்துக்கு வந்து வெண்கலம் வென்றார். இறுதியில் கியானியை வென்று தங்கம் பெற்றவர் கிம் யு-ஜின். 57 கிலோவில் தென்கொரியாவுக்கு 16 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம். ஈரானியப் பெண் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் வெள்ளி கியானியுடையது.

அன்று அந்த மேடையில் ஈரானில் பிறந்த இருவர் நின்றார்கள். ஒருவர் நாட்டில் நின்றவர், மற்றவர் நாட்டை விட்டு வந்தவர். டோக்கியோவில் ஒருவரையும் பாரிஸில் மற்றவரையும் வெற்றி தேர்ந்தெடுத்தது. கடைசியில் ஒருவர் முன்னேறியதால்தான் மற்றவருக்கும் இடம் கிடைத்தது.

ஊரில் நின்றவர்களுக்கும் வெளியே வந்தவர்களுக்கும் இடையே எமக்குள்ளும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. நின்றவர் சமரசம் செய்தவர் என்று இங்கே சிலர் சொல்வோம். போனவர் தப்பி ஓடியவர் என்று அங்கே சிலர் சொல்வார்கள். கல்யாண வீடுகளிலும் தொலைபேசியிலும் இதைக் கேட்டு எனக்கு முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. இருவரும் உதை வாங்கியிருக்கிறார்கள், இருவரும் தங்கள் பங்கைச் சம்பாதித்திருக்கிறார்கள் என்பதை மட்டும் எண்களில் காட்ட முடியும்.

இன்னொன்று. அலிசாதேயின் ரியோ வெண்கலம் ஈரானின் கணக்கிலேயே இருக்கிறது. அவர் வெளியேறினார் என்பதற்காக அது பல்கேரியாவுக்கு மாற்றப்படவில்லை, அழிக்கப்படவும் இல்லை. எனது பட்டச் சான்றிதழில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. கடவுச்சீட்டில் அவுஸ்திரேலியாவின் பெயர் இருக்கிறது. சிறு வயதில் நான் இந்த இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் ஏதாவதொன்றைக் கிழிக்க வேண்டியிருந்திருக்கும். ஒருவரின் பெயர் இரண்டு தலைப்புகளின்கீழ் இருப்பதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை.

எமது பிள்ளைகளில் யாரேனும் ஒருநாள் பெரிய போட்டிக்குப் போகலாம். முதுகில் எந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற கேள்வி அன்று வீட்டுக்குள் வரும். தாத்தா ஒன்று சொல்வார், பிள்ளை ஒன்று சொல்லும். அவரவர் சொல்வதற்குக் காரணம் இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளையின் தலையில் எமது முழுக் கணக்கையும் ஏற்றிவிடாமல் இருப்போம். எட்டு மீற்றர் தளத்தில் இரண்டு நிமிடச் சுற்றுக்கு அவள் இறங்கும்போது, தன் காலையும் எதிராளியின் காலையும் பார்க்க வேண்டிய வேலையே அவளுக்குப் போதும். எந்தப் பெயரில் நின்றாலும் அரங்கில் நாம் இருக்க வேண்டும், தேநீர் போட எழுந்து போகாமல்.

அடுத்த மாதம் வேறொரு வரலாற்றுடன் சந்திப்போம்.